பறந்து வந்தவனுக்கு வீட்டில் என்ன பதவி?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. அரக்கோணம் ராஜாளி கடற்படை விமானத் தளத்துக்கு, அதிலும் நான் இருந்த 312 ஸ்குவாட்ரனுக்கே உனக்குப் போஸ்டிங் வந்திருப்பதை உன் அம்மா, அதாவது என் அக்கா, போனில் சொன்னாள். தை மாதம் கல்யாணம் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டு, "தரையில ஏதாவது வேலை வாங்கிக்கச் சொல்லுடா, நீ சொன்னா கேப்பான்" என்றாள். நான் சொல்லப்போவதில்லை. டியூ-142 ரோந்து விமானம் ஓட்டிச் சம்பாதித்த பென்ஷனில் காப்பி குடிக்கிறவன் உன்னைப் பறக்காதே என்று எந்த வாயால் சொல்வது? பறக்கிறவன் குடும்பம் நடத்துவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உன் பி-8ஐ விமானத்துக்குப் போயிங் 737-இன் உடம்பு. ஜம்மென்று இருக்கும். எங்கள் டியூவில் நான்கு எஞ்சின்; எஞ்சினுக்கு இரண்டு புரொப்பெல்லர், ஒன்று வலமாகச் சுற்றினால் மற்றது இடமாகச் சுற்றும். இறங்கி வீட்டுக்கு வந்த பிறகும் அந்த இரைச்சல் காதைவிட்டுப் போகாது. உன் அத்தை சொல்வதில் பாதிதான் விழும். (அதில் சில சௌகரியங்களும் இருந்தன.) விமானம் மாறினாலும் வேலை அதேதான். மணிக்கணக்காகக் கடல். சோனோபாய் என்னும் ஒலி கேட்கும் மிதவைகளைத் தண்ணீரில் போட்டுவிட்டு, நீர்மூழ்கியின் சத்தம் ஏதாவது வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. ஒன்றும் அகப்படாமல் திரும்பும் நாட்களே அதிகம். எட்டாவது மணி நேரத்திலும் முதல் மணி நேரத்துக் கவனத்தோடு திரையைப் பார்க்கிறவன்தான் இதில் நிற்பான். விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கும் மிக்-29கே பைலட்டுகள் நம்மைப் பஸ் டிரைவர் என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். கொக்கி கம்பியில் மாட்டாமல் போனால் மறுபடி எழும்பிப் போக வேண்டுமே என்று, தளத்தைத் தொடும்போதே அவர்கள் எஞ்சினை முழு வேகத்துக்குத் தள்ள வேண்டும். நமக்கு ராஜாளியில் 4 கிலோமீட்டருக்கு மேல் ஓடுபாதை இருக்கிறது. பொறுமைதான் நமக்கு வைத்திருக்கும் சோதனை.

1988-இல் கோவாவுக்கு வந்து, 1992-இல் அரக்கோணத்துக்கு மாறி, 2017 மார்ச்சில் ஓய்வு பெறும்வரை டியூ-142 நம் கடற்படையில் விபத்தில்லாமல் பறந்தது. மெயின்டனன்ஸ் ஆட்களின் உழைப்பு முதல் காரணம். அடுத்த காரணம், பறந்து வந்ததும் நடக்கும் டெப்ரீஃப் என்பது என் கட்சி. பத்து மணி நேரம் பறந்து களைத்து வந்தாலும் உட்கார்ந்து பேசியாக வேண்டும். அந்த அறையில் கடைசி வரிசை இளைஞனும் "சார், அந்த இடத்தில் நீங்கள் உயரத்தைக் கவனிக்கவில்லை" என்று கேப்டன் முகத்துக்கு நேரே சொல்லலாம். கேப்டன் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அங்கே அத்தனை பேசுகிற இதே ஆள் வீட்டுக்கு வந்ததும் "எப்படி இருந்தது?" என்று மனைவி கேட்டால் "ஒன்றுமில்லை" என்பான். ரகசியம் என்று தனக்கே ஒரு சமாதானம் வைத்திருப்பான். எங்கே போனாய், எதைத் தேடினாய் என்பது ரகசியம். மறுக்கவில்லை. 1988 நவம்பரில் மாலத்தீவில் கலகம் செய்தவர்கள் பிணைக்கைதிகளோடு 'புரோக்ரஸ் லைட்' கப்பலில் தப்பியபோது, அதை வானிலிருந்து தொடர்ந்த ரோந்து விமானங்களில் இருந்தவர்கள் எங்கே போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டா கிளம்பியிருப்பார்கள்? ஆனால் மேகத்துக்குள் ஒரு குலுக்கு குலுக்கியதில் அடிவயிறு கலங்கியது என்பதில் ராணுவ ரகசியம் எதுவும் இல்லை. அதைச் சொல். நீ சொல்லாவிட்டால் அந்தப் பெண் தானாகக் கற்பனை செய்துகொள்வாள். கற்பனை எப்போதும் நடந்ததைவிட மோசமாகத்தான் இருக்கும்.

இனி முக்கியமான விஷயம். நீ இல்லாத நாட்களில் வீடு நின்றுவிடாது. கேஸ் சிலிண்டர், ஸ்கூல் பீஸ், நடுராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் எல்லாவற்றையும் அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்கென்று ஒரு நடைமுறை உருவாகியிருக்கும். மூன்று வாரம் கழித்து வந்து இறங்கிய அன்றே, பிள்ளை ஏன் ஒன்பது மணிக்கு டிவி பார்க்கிறான், அரிசி டப்பா ஏன் இடம் மாறியது என்று ஆரம்பிப்பவர்களை குவார்ட்டர்ஸில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆபீசர்கள் கூடும் வார்ட்ரூமில் பரம சாதுவாக இருப்பார்கள், வீட்டில் அட்மிரல். டியூட்டி மாற்றிக்கொள்ள வருகிறவன் முதலில் என்ன செய்கிறான்? பழைய ஆளிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறான், லாக் புத்தகத்தைப் படிக்கிறான், அப்புறம்தான் பொறுப்பு எடுக்கிறான். வீட்டிலும் முதல் இரண்டு நாள் அப்படியே இரு. மார்க்கெட்டுக்குப் போய் வா, பாத்திரம் தேய்த்துக் கொடு. உத்தரவு எதுவும் வேண்டாம். பிள்ளைகள் அவளிடமே எல்லாவற்றையும் கேட்கப் போவார்கள். உனக்குச் சுருக்கென்று இருக்கும். பொறுத்துக்கொள், நாலைந்து நாளில் உன்னிடமும் வருவார்கள்.

அரக்கோணத்தில் உனக்குத் தனியாக ஒரு தொல்லை காத்திருக்கிறது. விசாகப்பட்டினத்திலோ கோவாவிலோ இருந்தால் சொந்தக்காரர்கள் விட்டுவிடுவார்கள். இங்கே சென்னையிலிருந்து லோக்கல் ரயிலில் வந்துவிடலாம். காது குத்து, கிரகப்பிரவேசம், அறுபதாம் கல்யாணம் எல்லாவற்றுக்கும், "இதோ இருக்கிற அரக்கோணம், அவனால வர முடியலையா?" என்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வேலையைப் புதுப்பெண் தலையில் கட்டாதே. நீயே பெரியவர்களுக்குப் போன் போட்டுவிடு. உன் அம்மாவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கடைசியாக, சொல்லக் கஷ்டமான ஒன்று. 2002 அக்டோபர் 1 அன்று கோவாவில், ஸ்குவாட்ரனின் வெள்ளி விழாவுக்காகச் சேர்ந்து பறந்த இரண்டு ஐஎல்-38 விமானங்கள் மோதின. உள்ளே இருந்த பன்னிரண்டு பேரும் போய்விட்டார்கள். அவர்களும் நம்மைப் போல் கடல்ரோந்து ஆட்கள்தான். இப்படி ஒன்று நடந்தால் மறுநாளே அழுகைக்கு நடுவில் காகிதங்கள் தேடப்படும். எந்த பேங்க், எந்தப் பாலிசி, லோன் எவ்வளவு என்று தெரியாமல் தவிக்கும் வீடு இருக்கக் கூடாது. ஒரு ஃபைல் போட்டு, அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவளிடம் காட்டு. அபசகுனம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே.

பிராவிடண்ட் ஃபண்டு, குழுக் காப்பீடு நாமினேஷன் எல்லாம் இப்போது உன் அம்மா பெயரில் இருக்கும். கல்யாணம் ஆன அந்த வாரமே மனைவி பெயரைச் சேர்த்துப் புதிதாக எழுதிக் கொடு. அம்மாவுக்கு எவ்வளவு, மனைவிக்கு எவ்வளவு என்பதை நீயே முடிவு செய். ஆனால் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அக்காவிடம் உட்கார்ந்து பேசிவிடு. வேறு யார் வாயிலிருந்தும் அவளுக்கு அது தெரியவேண்டாம்.

அன்புடன்,
மாமா