எங்கள் பெயர் ஷுவார்!

(மூன்றாமாண்டு மின்னணுவியல் மாணவன்)



ஹாஸ்டலில் பட்டப்பெயர் இல்லாதவர் யாராவது உண்டா? நான் சேர்ந்த அன்றைக்கே சீனியர்கள் எனக்கு 'ஆன்டெனா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒல்லியாக, உயரமாக இருந்தது என் குற்றம்! இன்றைக்கும் என் சொந்தப் பெயரைச் சொன்னால் "யாருப்பா அது?" என்கிறார்கள். நமக்கு இது தமாஷ். ஆனால் ஓர் இனத்துக்கே அடுத்தவன் ஒரு பெயரை வைத்து, நூற்றாண்டுக் கணக்கில் அதையே சொல்லிக் கூப்பிட்டால்? அந்தக் கதைதான் இது.

யார் இவர்கள்?

தென் அமெரிக்காவில் ஈக்வடார் நாடு. அங்கே ஆண்டிஸ் மலை கிழக்கே இறங்கி அமேசான் காட்டில் கலக்கும் பகுதியில், முக்கியமாக மொரோனா சந்தியாகோ மாநிலத்தில் வாழ்பவர்கள் ஷுவார் மக்கள். அவர்கள் மொழியில் 'ஷுவார்' என்றால் 'மனிதர்' என்றே பொருள். மொழியின் பெயர் 'ஷுவார் சிச்சாம்'. 'சிச்சாம்' என்றால் பேச்சு. பக்கத்தில் வாழும் அச்சுவார் மக்களின் மொழியும், பெரு நாட்டு அவாஹுன், வம்பிஸ் மக்களின் மொழிகளும் இதன் உடன்பிறப்புகள்.

தங்கம் தேடி வந்த ஸ்பானியர்கள் இவர்களை 'ஹீவாரோ' என்றார்கள். இவர்களுடைய சொல்லையே காதில் விழுந்தபடி திரித்து எழுதியதுதான் அது என்பார்கள். 1599 இல் இம்மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அதன் பிறகு நெடுங்காலம் ஸ்பானியரால் இந்தக் காட்டை ஆள முடியவில்லை. ஜெயிக்க முடியாத ஆத்திரமோ என்னவோ, 'ஹீவாரோ' என்றாலே 'காட்டுமிராண்டி' என்ற அர்த்தம் ஸ்பானிய மொழியில் ஒட்டிக்கொண்டது!

தலை வியாபாரம்

இவர்களைப் பற்றி உலகம் கேள்விப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: எதிரியின் தலையைச் சுருக்கி வைக்கும் 'சான்ட்சா'. கொல்லப்பட்டவனின் ஆவி பழிவாங்க வராமல் அடைத்து வைக்கும் சடங்கு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வெளிநாட்டு வியாபாரிகள் அந்தத் தலைகளுக்குத் துப்பாக்கி கொடுக்க ஆரம்பித்தார்கள். துப்பாக்கி வந்ததும் கொலைகள் பெருகின. கிராக்கியைப் பார்த்து மிருகத் தோலில் போலித் தலைகளும் தயாராயின. இதில் காட்டுமிராண்டி யார்? நீங்களே சொல்லுங்கள்! ஆக்ஸ்போர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம் இந்தத் தலைகளைக் காட்சியிலிருந்து எடுத்தது 2020 இல்தான்.

பாட்டும் தோட்டமும்

அவர்கள் வீட்டுக்குப் போகிறவர் வாசலிலேயே "வினியாஹாய்" (வருகிறேன்) என்பார். உள்ளேயிருந்து "வினிட்யா" (வா) என்று பதில் வரும். மரவள்ளித் தோட்டம் பெண்கள் பொறுப்பு. மண்ணுக்குள் இருக்கும் நுங்குய் என்ற தேவதைக்குப் பாட்டுப் பாடினால்தான் கிழங்கு பருக்கும் என்பது நம்பிக்கை. வேக வைத்த கிழங்கை மென்று புளிக்க வைத்த பானம்தான் விருந்தாளிக்கு முதல் உபசாரம். இளைஞர்கள் அருவிக்குப் போய் விரதமிருந்து 'அரூதாம்' என்ற காட்சியைப் பெற வேண்டும். அதுதான் வாழ்க்கைக்குப் பலம்.

ரேடியோவே பள்ளிக்கூடம்

இனி நம்ம டிபார்ட்மெண்ட் விஷயம்! வெளியாட்கள் வந்து நிலத்தைப் பிடிக்க ஆரம்பித்தபோது, 1964 இல் ஷுவார்கள் ஒன்றுசேர்ந்து கூட்டமைப்பு அமைத்தார்கள். தலைமையிடம் சுக்குவா என்ற ஊர். அதுவரை பிள்ளைகள் வீட்டை விட்டு மிஷன் விடுதிகளில் தங்கி, ஸ்பானிய மொழியில் படிக்க வேண்டியிருந்தது. சொந்த மொழி தேய்ந்தது. கூட்டமைப்பு சொந்தமாக வானொலி நிலையம் வைத்து, 1972 இல் வானொலிப் பள்ளி தொடங்கியது. சுக்குவாவில் ஆசிரியர் ஷுவாரிலும் ஸ்பானிய மொழியிலும் மைக்கில் பாடம் நடத்துவார். காட்டுக்குள் ஒவ்வொரு ஊரிலும் ஒரு ரேடியோ பெட்டி, பக்கத்தில் கரும்பலகையோடு ஓர் உதவி ஆசிரியர். ரோடு போகாத இடத்துக்கும் அலை போகுமே! பிள்ளைகள் வீட்டிலிருந்தே படித்தார்கள்.

கணக்குப் பாடம் நடத்த எண்களுக்குப் பெயர் வேண்டாமா? ஐந்துக்கு 'எவெஹ்', அதாவது கை. பத்துக்கு 'நாவே', அதாவது கால். நடுவில் என்ன செய்தார்கள் தெரியுமா? எழுதுகிற வடிவத்தைப் பார்த்தார்கள். 6 வால் மாதிரி இருக்கிறது, 'உஹுக்' (வால்). 7 கொக்கி மாதிரி, 'செங்கென்' (கொக்கி). 8 எறும்பு மாதிரி, 'யாருஷ்' (எறும்பு). கலைச்சொல் இல்லை என்று அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை!

பெயர் திரும்பியது

2008 ஆம் ஆண்டு ஈக்வடார் அரசியல் சட்டம், ஸ்பானிய மொழிக்கு அடுத்து கிச்சுவாவையும் ஷுவாரையும் இனங்களுக்கிடையிலான உறவுக்கான ஆட்சிமொழிகளாக ஏற்றது. 'ஹீவாரோ மொழிகள்' என்று எழுதி வந்த அறிஞர்களில் பலர் இப்போது 'சிச்சாம் மொழிகள்' என்று திருத்தி எழுதுகிறார்கள்.

போராட்டம் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. 2016 இல் தாமிரச் சுரங்கத் திட்டத்துக்காக நான்கிண்ட்ஸ் என்ற ஷுவார் ஊரையே காலி செய்தார்கள். பெயர் கிடைத்தாலும், நிற்க மண் வேண்டுமே!

நண்பர்களே, நாம் சர்க்யூட் போடுகிறோம், சால்டரிங் செய்கிறோம், மார்க் வாங்குகிறோம். அதே டிரான்ஸ்மிட்டரை வைத்து ஒரு மக்கள் தங்கள் மொழியைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அடுத்த முறை லேபில் அலைவரிசை திருப்பும்போது சுக்குவாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று... இனிமேல் என்னையும் சொந்தப் பெயர் சொல்லியே கூப்பிடுங்களேன்!