எச்.ஐ.வி. தொற்றும் இல்லறத்தார் கடமையும்

நற்காட்சியின் எட்டு உறுப்புகளைச் சிறார்க்குக் கற்பிக்கும்போது, மூன்றாவதாகிய உவர்ப்பின்மையை நாம் சற்று விரைவாகவே கடந்துவிடுகிறோம். நோயுற்ற உடலைக் கண்டு அருவருப்புக் கொள்ளாமை என்று பொருள் கூறுவோம். வாந்தியெடுத்த முனிவரைத் தன் கைகளாலேயே கழுவித் தூய்மை செய்த உத்தாயண மன்னன் கதையைச் சொல்வோம். அடுத்த உறுப்பிற்குச் சென்றுவிடுவோம். அக்கதை நம் காலத்தில் எவ்விடத்திற்குப் பொருந்தும் என்று சிறார் எவரேனும் வினவினால், எச்.ஐ.வி. என்னும் நச்சுயிரியோடு வாழ்பவரின் இல்லத்தைச் சுட்டிக்காட்டலாம்.

இந்தியாவில் இத்தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் தமிழகத்திலேயே. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராயிருந்த சுனிதி சாலமன் அம்மையாரின் வழிகாட்டுதலில், அவர்தம் மாணவி நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. அவற்றுள் ஆறில் தொற்று காணப்பட்டது. அந்நாளில் இதற்குத் தக்க மருந்து இல்லை. ஆகவே எழுந்த பேரச்சம், மருத்துவத் துறையினர் சிலரையும்கூட நோயரைத் தொடவிடாது தடுத்தது. அம்மையாரோ அத்தகையோர்க்கென்றே 1993இல் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் நிலையத்தை நிறுவி, 2015இல் மறையும் வரை அப்பணியிலேயே நின்றார். அன்றிலிருந்து மருத்துவம் வெகுதூரம் வந்துவிட்டது. நம் அச்சம் அவ்வளவு தூரம் வரவில்லை என்பதே இக்கட்டுரை எழுதக் காரணம்.

எச்.ஐ.வி. வேறு, எய்ட்ஸ் வேறு. முன்னது, உடலைக் காக்கும் வெள்ளணுக்களுள் ஒருவகையைத் தாக்கும் நச்சுயிரி. மருத்துவமின்றி ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால், காக்கும் ஆற்றல் குன்றிக் காசநோய் முதலியன பற்றிக்கொள்ளும் இறுதி நிலையே எய்ட்ஸ். உரிய காலத்தில் மருந்து தொடங்கியவர் அந்நிலையை அடையாமலே முதுமை வரை வாழலாம். இத்தொற்று பரவும் வழிகள் சிலவே: பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள இரத்தம், பிறர்க்குப் பயன்படுத்திய ஊசி, கருவுற்ற தாயிடமிருந்தும் தாய்ப்பாலிலிருந்தும் சேய்க்கு. வியர்வை, உமிழ்நீர், கண்ணீர், கொசுக்கடி ஆகியவற்றால் பரவாது. ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே கழிவறையைப் பயன்படுத்துவதாலோ, குழந்தையைத் தூக்கி முத்தமிடுவதாலோ பரவாது. தொற்றுடைய மருமகளுக்குத் தனித் தட்டும் தனிக் குவளையும் ஒதுக்கும் மாமியார், தம் குடும்பத்தைக் காப்பதாக எண்ணுகிறார். எதனின்றும் காக்கவில்லை, ஒரு பெண்ணைப் பட்டினியினும் கொடிய தனிமையில் தள்ளுகிறார்.

2004 ஏப்ரல் முதல் நாள் அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது, முதலில் இடம்பெற்ற மருத்துவமனைகளுள் தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. இன்று பெரும்பாலோர்க்கு மூன்று மருந்துகள் அடங்கிய ஒரே மாத்திரை, நாளைக்கு ஒருமுறை. அதனைத் தவறாது உட்கொண்டு, இரத்தத்தில் நச்சுயிரி கண்டறிய இயலாத அளவிற்குக் குறைந்து அந்நிலையிலேயே நீடிப்பவரிடமிருந்து, உடலுறவால் வாழ்க்கைத்துணைக்குத் தொற்று பரவுவதில்லை. சென்னை, புனே நகரங்களின் இணையர்களும் பங்குகொண்டு 2011இல் முடிவு வெளியான பன்னாட்டு ஆய்வு, முற்பட மருந்து தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 விழுக்காடு குறையும் என்று காட்டிற்று. தாய்மை பற்றியும் ஐயம் வேண்டா. மருத்துவமின்றி நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பத்தைந்து வரை சேய்க்குப் பரவக்கூடிய தொற்று, தாய்க்கும் சேய்க்கும் முறையாக மருந்தளித்தால் ஐந்திற்கும் கீழே இறங்கிவிடுகிறது.

நம் இல்லங்களுக்கே உரிய ஒரு செய்தி உண்டு. இரவு உண்ணாமையும் உபவாசமும் மேற்கொள்வோர் இம்மருந்தை எவ்வாறு உட்கொள்வது? இன்று பெரிதும் வழங்கப்படும் மாத்திரையை உணவுடனோ உணவின்றியோ, பகலில் ஒரு குறித்த வேளையிலேயே உட்கொள்ளலாம். ஆதலின் இரவுண்ணாமைக்கு இடையூறில்லை. உபவாச நாளிலும் மாத்திரையை விடலாகாது. அடிக்கடி விடுபட்டால் நச்சுயிரி அம்மருந்திற்கு அடங்காமற் போய்விடும். நீரும் அருந்தா உபவாசத்தை மருத்துவரைக் கலந்த பின்னரே முடிவு செய்க. சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகள் உட்கொள்வோரும் அதனை மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். உணவின்றி இருக்கும்போது அவற்றை இம்மாத்திரையோடு சேர்த்து உட்கொண்டால் மருந்தின் ஆற்றல் குறையும்.

தொற்று வெளிப்பட்டதும் உறவினர் கேட்கும் முதல் வினா, "எப்படி வந்தது?" என்பது. நோயரின் நலத்திற்கு அவ்வினா சிறிதும் பயன்படாது. அதைக் கேட்க மருத்துவருக்கு ஒரு காரணம் இருக்கலாம். சித்தப்பாவிற்கும் அத்தைக்கும் இல்லை. கணவனையன்றி வேறொருவரை அறியாத பெண்களும், பிறக்கும்போதே தொற்றுப் பெற்ற குழந்தைகளும் இவ்வினாவால் தலைகுனிகின்றனர். இனி, ஒருவருடைய ஒழுக்கத்தில் தவறே இருந்ததெனக் கொள்வோம். பிறர் குற்றத்தை ஊரறியப் பரப்பாது மறைத்தலும் அதே எட்டு உறுப்புகளுள் ஒன்றன்றோ? திருமணப் பேச்சுகளிலும் கோயில் விழாக்களிலும் "அந்த வீட்டில் அப்படியாம்" என்று காதோடு காதாகப் பேசப்படும் சொல்லுக்கு அஞ்சியே, பலர் பரிசோதனைக்குச் செல்வதில்லை. சென்றவரும் மாத்திரையை ஒளித்து வைத்து, விருந்தினர் வந்த நாளில் உட்கொள்ளாது விடுகின்றனர்.

சட்டமும் இதனைக் கருதியுள்ளது. 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலுள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், தொற்றைக் காரணம் காட்டி வேலை, கல்வி, மருத்துவம், வாடகை வீடு ஆகியவற்றை மறுத்தலைத் தடுக்கிறது. வேலைக்கு முன்நிபந்தனையாக இப்பரிசோதனையைக் கேட்கலாகாது. ஒருவர்தம் உடன்பாடின்றி அவருடைய தொற்று நிலையைப் பிறர்க்கு வெளியிடுதலும் பொதுவாகக் குற்றமே. வணிக நிலையங்கள் நடத்துவோரும் வீடுகளை வாடகைக்கு விடுவோரும் நம்மிடையே உண்டாதலின், இதனை அவர்கள் கவனிப்பது நன்று.

திருமணத்திற்கு முன்னர் மணமக்கள் இருவரும் தாமே விரும்பிப் பரிசோதித்துக்கொள்வதில் இழுக்கில்லை. பெண்ணை மட்டும் பரிசோதிக்கச் சொல்வதில்தான் இழுக்கு. அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் பரிசோதனையும் ஆலோசனையும் கட்டணமின்றிக் கிடைக்கும். முடிவு கமுக்கமாக வைக்கப்படும். நேரில் செல்லத் தயங்குவோர் 1097 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில், பெயர் கூறாமலே ஐயங்களைக் கேட்டுத் தெளியலாம்.