பேச்சின் ஊன்றுகோல்கள்

1891-ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் சட்டப் படிப்பை முடித்துத் தாயகம் திரும்பவிருந்த மோகன்தாஸ் காந்தி, லண்டனில் தமக்குப் பழக்கமான சைவ உணவு நண்பர்களுக்கு ஹோல்பர்ன் உணவகத்தில் ஒரு விருந்து அளித்தார். விருந்தளித்தவர் என்ற முறையில் அவர் பேச வேண்டும். சில வாக்கியங்களே கொண்ட, சற்று நகைச்சுவையான பேச்சு ஒன்றை அவர் கவனமாக யோசித்து வைத்திருந்தார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த கதை அடிசன் என்னும் ஆங்கில எழுத்தாளரைப் பற்றியது. அடிசன் பாராளுமன்றத்தில் முதன்முறையாகப் பேச எழுந்தபோது, "நான் கருதுகிறேன்" என்று மூன்று முறை தொடங்கி, அதற்கு மேல் செல்ல இயலாமல் நின்றுவிட்டாராம். அவர் கூறிய ஆங்கிலச் சொல்லுக்குக் 'கருதுதல்' என்றும் 'கருவுறுதல்' என்றும் இரு பொருள்கள் உண்டு. உடனே குறும்புக்காரர் ஒருவர் எழுந்து, கனவான் மும்முறை கருவுற்றும் ஒன்றும் பிறக்கவில்லையே என்று கேலி செய்தாராம்.

இந்தக் கதையைச் சொல்லி மற்றவர்களைச் சிரிக்கவைக்கலாம் என்று எழுந்த காந்தியாலும் முதல் வாக்கியத்தைத் தாண்ட இயலவில்லை. வந்தவர்களுக்கு ஒரு வரியில் நன்றி கூறிவிட்டு அமர்ந்துவிட்டார். 'சத்திய சோதனை'யில் இதை அவரே ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். பேச்சில் தமக்கிருந்த தயக்கமே சொற்களைச் சிக்கனமாகச் செலவிடக் கற்பித்தது என்று அவர் பின்னாளில் உணர்ந்ததும் அதே அத்தியாயத்தில் காணப்படுகிறது.

இருவருக்கும் நேர்ந்தது ஒரே தடங்கல்தான். ஒருவர் அந்த இடைவெளியை ஒரே சொல்லால் மும்முறை நிரப்பப் பார்த்தார். மற்றவர் நிரப்பாமல் உட்கார்ந்துவிட்டார். அன்றாடப் பேச்சில் பெரும்பாலோர் அடிசன் கட்சியையே சேர்ந்தவர்கள்.

தலையணையும் கைத்தடியும்

பேச்சினிடையே காரணமின்றித் திரும்பத் திரும்ப வந்து விழும் சொல்லுக்கு இந்திய மொழிகள் அழகான பெயர்களைச் சூட்டியுள்ளன. இந்தியிலும் உருதுவிலும் அதற்குத் 'தகியா கலாம்' என்று பெயர். 'தகியா' என்பது தலையணை. 'கலாம்' என்பது பேச்சு. நடுவழியில் களைத்துப்போன பேச்சு சற்றே தலைசாய்த்துக்கொள்ளும் தலையணை அது. தெலுங்கில் 'ஊதபதம்' என்பார்கள். 'ஊத' என்றால் ஊன்றிக்கொள்ளும் துணை. வங்காளத்தில் 'முத்ராதோஷ்' என்கிறார்கள். பேசும்போது மூக்கைச் சொறிவது, காலை ஆட்டுவது போன்ற உடற்பழக்கங்களையும் அந்தப் பெயர் உள்ளடக்கும். நாவின் பழக்கமும் காலை ஆட்டும் பழக்கமும் ஒரே இனம் என்று கண்டுகொண்ட வங்காளியரின் கூர்மை பாராட்டத்தக்கது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இந்தியர் 'மத்லப்' என்று இழுக்கிறார். வங்காளி 'மானே' என்கிறார். மராட்டியர் 'ம்ஹண்ஜே' என்கிறார். தெலுங்கர் 'அண்டே' என்கிறார். தமிழர் 'அதாவது' என்கிறார். முதல் இரண்டும் 'பொருள்' என்றே பொருள்படும் சொற்கள். மற்றவை 'இதன் கருத்து இன்னது' என்று விளக்கவரும் சொற்கள். விளக்கம் தருவதாக வாக்களித்துவிட்டு அவை ஒன்றையும் விளக்குவதில்லை. பொருள் என்னும் சொல்லே பொருளிழந்து நிற்பது விந்தைதான்.

தமிழில் இவற்றின் தலைவர் 'வந்து'. "எங்க மாமா வந்து இன்னிக்கு வரலை" என்று ஒருவர் சொல்லும்போது மாமா வந்தாரா, வரவில்லையா என்று எவரும் குழம்புவதில்லை. காது அந்த 'வந்து'வைத் தானே கழித்துவிடுகிறது. அண்மைக்காலத்தில் அதற்குப் போட்டியாக எழுந்தது 'பார்த்தீங்கன்னா'. தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சியில் தொடங்கி ஆன்மிகச் சொற்பொழிவு வரை அது பரவியிருக்கிறது. "இந்தப் பொடியைப் பார்த்தீங்கன்னா" என்பதிலாவது பார்ப்பதற்கு ஒரு பொடி இருக்கிறது. "மன அமைதியைப் பார்த்தீங்கன்னா" என்னும்போது எதைப் பார்ப்பது? இவற்றோடு 'ஆக்சுவலா', 'பேசிக்கலி' போன்ற ஆங்கில வரவுகளும் சேர்ந்துள்ளன.

இலக்கணம் அறிந்த அசைகள்

பொருளற்ற சொல்லைப் பழைய இலக்கணிகள் அறியாதவர்கள் அல்லர். தொல்காப்பியத்தின் இடையியல் 'அசைநிலை' என்றே ஒரு வகையைக் கூறுகிறது. யா, கா, பிற, பிறக்கு, அரோ, போ, மாது ஆகிய ஏழும் அவ்வகையில் எண்ணப்படுபவை. வடமொழியில் யாஸ்கரின் நிருக்தம், செய்யுளடியை நிறைக்க வரும் இடைச்சொற்களாகக் கம், ஈம், இத், உ என்னும் நான்கைக் குறிப்பிடுகிறது. ஆகவே அசைச்சொல் இழிவானது என்று யாரும் கூறவில்லை. ஆனால் செய்யுளில் அதற்கு அளவு உண்டு. அடி நிறைந்ததும் அசையின் வேலை முடிகிறது. பேச்சுக்கு அத்தகைய அடிவரையறை கிடையாது. எத்தனை 'வந்து' வந்தாலும் இடமுண்டு.

பேசுபவர் ஏன் நிரப்புகிறார்? உரையாடலின் வேகம் இதற்கு ஒரு காரணம். உலகின் பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒருவர் பேசி முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையிலுள்ள இடைவெளி சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவே என்று கண்டது. ஒரே ஒரு சொல்லை உள்ளத்திலிருந்து எடுத்து நாவுக்குக் கொண்டுவரவே அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். யோசனை முடியும் முன்பே முறை வந்துவிடுகிறது. வாய் ஏதாவது ஒன்றைச் சொல்லி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் வழங்கும் 'அ', 'அம்' என்ற ஒலிகளை ஆராய்ந்த ஹெர்பர்ட் கிளார்க்கும் ஜீன் ஃபாக்ஸ் ட்ரீயும் 2002-இல் ஒரு நுட்பத்தை வெளியிட்டனர். முன்னது சிறிய தாமதத்தையும் பின்னது நீண்ட தாமதத்தையும் கேட்பவருக்கு அறிவிக்கின்றன என்பது அவர்கள் முடிவு.

தடுமாற்றம் அறியாமையின் அடையாளமும் அன்று. 1991-இல் ஸ்டான்லி ஷாக்டரும் உடன் ஆய்வாளர்களும் பல்கலைக்கழக விரிவுரைகளைக் கவனித்தபோது, அறிவியல் ஆசிரியர்களைவிட இலக்கியம், கலை போன்ற துறைகளின் ஆசிரியர்களே அதிகம் தடுமாறக் கண்டனர். அதே ஆசிரியர்கள் பொதுவான விஷயத்தைப் பேசும்போது இந்த வேறுபாடு இல்லை. ஒரு கருத்தைக் கூறப் பல சொற்கள் கிடைக்கும் துறையில், தேர்ந்தெடுக்க நேரம் பிடிக்கிறது என்பதே அவர்கள் தந்த விளக்கம்.

கேட்பவரைத் தொடும் சொற்கள்

இவ்வளவும் 'வந்து' போன்ற அப்பாவிச் சொற்களுக்கே பொருந்தும். வேறொரு வகை உண்டு. அவை இடைவெளியை நிரப்புவதோடு நிற்காமல் கேட்பவர்மீது ஏதோ ஒன்றைச் செய்துவிடுகின்றன.

முதலாவது "புரியுதா?" ஆசிரியர், மேலாளர், மூத்த அண்ணன், புதிதாக ஒரு நூலைப் படித்தவர் ஆகியோரிடம் இது மிகுதி. சொல்பவருக்கு அது வெறும் மூச்சு வாங்கும் இடம். கேட்பவருக்கோ ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு தேர்வு. இல்லை என்றால் மந்தமானவர் ஆகிறார். ஆம் என்றால் தொடர்ந்து கேட்டாக வேண்டியவர் ஆகிறார். "தெளிவாகச் சொன்னேனா?" என்று ஒருமுறை கேட்டால் சுமை சொல்பவர் தோளுக்கு மாறிவிடும்.

இரண்டாவது, மறுப்பே இல்லாத இடத்தில் வரும் "இல்லை". "சாதம் இன்னிக்கு நல்லா வெந்திருக்கு" என்கிறார் மாமியார். "இல்ல அத்தை, இது புது அரிசி" என்கிறாள் மருமகள். இருவருக்கும் இடையே கருத்து வேறுபாடே இல்லை. ஆயினும் பாராட்ட வாய்திறந்த மாமியார் முதலில் கேட்டது ஒரு மறுப்பை. ஒரு நாளில் பத்துமுறை இப்படி நேர்ந்தால் மாமியாருக்குக் காரணம் தெரியாமலேயே ஒரு கசப்பு சேர்ந்துவிடும். 'எது சொன்னாலும் எதிர்த்துப் பேசுகிறாள்' என்னும் குற்றச்சாட்டுக்குப் பின்னால் சில வீடுகளில் இந்த ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் இராது.

"உண்மையைச் சொல்லணும்னா" என்பது பேசுபவருக்கே கேடு விளைவிப்பது. அதுவரை சொன்னதெல்லாம் என்ன என்ற ஐயம் கேட்பவருக்கு எழுகிறது. "தப்பா எடுத்துக்காதீங்க" என்பது, அடுத்து வரப்போவது தவறாக எடுத்துக்கொள்ளத்தக்கதே என்று சொல்பவருக்குத் தெரியும் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பயனில்லாத பேச்சை விலக்கச் சொல்லும் 'பயனில சொல்லாமை' என்னும் 20-ஆம் அதிகாரத்தின் முதற்குறளிலேயே, கேட்போருக்கு எழும் வெறுப்பைத் திருவள்ளுவர் முன்னே வைக்கிறார். கீதையின் 17-ஆம் அத்தியாயத்து 15-ஆம் சுலோகம் வாக்கினால் இயற்றும் தவத்தை விவரிக்கும்போது, கேட்பவர் மனத்தைக் கலங்கச் செய்யாமையை முதலிலும் உண்மையை அதற்கு அடுத்தும் கூறுகிறது. வரிசை தற்செயலானதாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டு நூல்களும் பேச்சைக் கேட்பவரின் பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்குகின்றன என்பது தெளிவு.

பழக்கத்தைக் கைவிடும் வழி

இத்தகைய பழக்கத்தின் பெருந்தொல்லை, உடையவருக்கு அது கேட்பதில்லை என்பதே. அடுத்தவரின் 'பார்த்தீங்கன்னா'வைத் துல்லியமாக எண்ணுபவர் தம்முடைய 'இல்லை'யை அறியமாட்டார். இதற்குக் கைபேசி உதவும். எதிரில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் பத்து நிமிட உரையாடலைப் பதிவுசெய்து கேட்டால் போதுமானது. இரண்டாம் நிமிடத்திலேயே பலர் நிறுத்திவிடுவார்கள். முழுவதும் கேட்பவருக்கே பயன் கிட்டும்.

பழக்கங்களை மாற்ற நேதன் அஸ்ரினும் நன்னும் 1973-இல் வகுத்த முறையில் இரு முக்கியப் படிகள் உள்ளன: பழக்கம் தலைகாட்டும் கணத்தை அறிதல், அந்தக் கணத்தில் அதனோடு சேர்ந்து நிகழ முடியாத வேறொரு செயலைச் செய்தல். மேடைப்பேச்சில் வரும் நிரப்பொலிகளுக்கு இம்முறையைப் பயன்படுத்தி 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் அவை குறைந்தன. இங்கே மாற்றுச் செயல் மிக எளியது: உதடுகளை மூடி ஒரு நொடி நிற்பது. மூடிய வாயால் 'வந்து' என்று சொல்ல இயலாது. அந்த ஒரு நொடி பேசுபவருக்கு ஒரு யுகமாகத் தோன்றும். கேட்பவரோ அதைக் கவனிப்பதுகூட இல்லை. ஒரே சமயத்தில் எல்லாச் சொற்களையும் துரத்தினால் பேச்சே நின்றுபோகும். ஆகவே ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்வது நல்லது, அதுவும் "புரியுதா?"வில் தொடங்கினால் வீட்டார் மகிழ்வார்கள்.

1924-இல் கலிஃபோர்னியாவில் தோன்றிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் பேச்சுப் பயிற்சிக் கழகங்கள் இன்று இந்திய நகரங்கள் பலவற்றிலும் இயங்குகின்றன. ஒவ்வொருவரும் எத்தனை நிரப்பொலிகளை உதிர்த்தார் என்று எண்ணுவதற்கென்றே அங்கு கூட்டந்தோறும் ஒருவர் நியமிக்கப்படுகிறார். விரும்பி வந்தவர்களின் நடுவே அது பயிற்சி. கேட்காதவரிடம் உணவு மேசையில் அதையே செய்தால் அது குத்திக்காட்டல். தந்தையின் சொற்பழக்கத்தைப் பிள்ளைகள் அபிநயித்துக் காட்டுவது வேடிக்கையாகத் தோன்றினாலும், அன்றிலிருந்து அவர் அவர்கள் எதிரில் பேசுவதைக் குறைத்துக்கொள்ளவும் கூடும்.

குறிப்பாக, திக்குவாய் உள்ளவர்களில் சிலர் கடினமான ஒரு சொல்லுக்குள் நுழைய 'வந்து', 'அது' போன்ற சொற்களைப் படிக்கட்டாகப் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் அதைச் சொல்வது கவனக்குறைவால் அன்று. அடுத்த சொல்லில் நா நின்றுவிடும் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பதால். எதிரில் இருப்பவர் அவசரப்பட்டு அந்த வாக்கியத்தைத் தாமே முடித்துத் தருவது உதவி போலத் தோன்றும். ஆனால் அவர் கடக்க முயன்ற அந்தச் சொல் அவர் வாயிலேயே நின்றுவிடுகிறது. அவர் முகத்தைப் பார்த்தபடி, கடிகாரத்தைப் பார்க்காமல், அவர் தாமாக முடிக்கும் வரை காத்திருந்தால் அந்த வாக்கியம் அவருடையதாகவே வந்து சேரும்.