வெறும் வயிற்றில் விழுங்கும் துவர்ப்பு

மதுரை கே.கே. நகரில் உள்ள என் கிளினிக்கிற்குச் சில மாதங்களுக்கு முன் ஓர் ஆசிரியை வந்தார். வயது நாற்பத்தாறு. இரண்டு வாரமாக அசதி, சோற்றைக் கண்டாலே குமட்டல். "மஞ்சக்காமாலையா இருக்குமோன்னு கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சேன் டாக்டர், கேக்கலை" என்றார். வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். தைராய்டுக்கு மட்டும் என்றார். உடன் வந்த கணவர் பையிலிருந்து பச்சை டப்பா ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது மருந்து இல்லீங்க சார், கிரீன் டீதான். உடம்பு குறையறதுக்கு."

டப்பாவைத் திருப்பிப் படித்தேன். ஒரு கேப்சூலில் கிரீன் டீ சாறு 500 மில்லிகிராம். அதில் பாதி இ.ஜி.சி.ஜி. (தேயிலையில் உள்ள முக்கியத் துவர்ப்புப் பொருள்). காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, உணவுக்கு முன். அதாவது நாளுக்கு 1,000 மி.கி. இ.ஜி.சி.ஜி. ஒரு கோப்பை கிரீன் டீயில் 50 முதல் 100 மி.கி. வரை இருக்கும். பத்துக் கோப்பைக்குக் குறையாத தேநீரின் சாரத்தை அவர் தினமும் வெறும் வயிற்றில் விழுங்கியிருக்கிறார். ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் செல்கள் சேதமடையும்போது ரத்தத்தில் கசியும் நொதி) 40-ஐ ஒட்டி இருக்க வேண்டியது, 400-ஐத் தாண்டியிருந்தது. காமாலை வைரஸ் எதுவும் இல்லை.

வாழைப்பூ ஆய்ந்த விரல்கள் கறுத்துப் போவதையும், நாவற்பழம் தின்ற நாக்கு வறண்டு இழுப்பதையும் நீங்கள் அறிவீர்கள். இரண்டுக்கும் காரணம் பாலிஃபீனால்கள் (பூச்சியிலிருந்தும் கடும் வெயிலிலிருந்தும் காத்துக்கொள்ளத் தாவரங்கள் உண்டாக்கும் வேதிப்பொருள்கள்). அவை எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் உலர்ந்ததுபோல் தோன்றுகிறது. நம் அறுசுவையில் துவர்ப்பு என்று தனி இடம் கொடுத்திருப்பது பெரும்பாலும் இவற்றுக்குத்தான். தேயிலையில் கேட்டகின், மஞ்சளில் குர்குமின், வெங்காயத்தில் குவெர்செட்டின், திராட்சைத் தோலில் ரெஸ்வெரட்ரால், காபிக்கொட்டையில் குளோரோஜெனிக் அமிலம் என்று இந்தக் குடும்பம் பெரியது.

இவை கொழுப்பை எரிக்கும் என்பது முழுப் பொய்யல்ல. அதனால்தான் படித்தவர்களும் நம்பிவிடுகிறார்கள். உடலுக்கு ஆற்றல் தேவைப்படும்போது நார்அட்ரினலின் என்ற ஹார்மோன் கொழுப்புச் செல்லுக்குக் கட்டளையிடுகிறது. செல் தன் சேமிப்பைக் கொழுப்பு அமிலமாக உடைத்து ரத்தத்தில் விடுகிறது. தசைகள் அதை எரிக்கின்றன. அந்த ஹார்மோனைச் சிதைக்கும் நொதியைத் தேயிலைக் கேட்டகின்கள் தடுப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. 1999-இல் ஜெனீவாவில் பத்து ஆண்களைத் தனி அறையில் வைத்து அளந்தபோது, தேயிலைச் சாறு கொடுத்த நாளில் உடல் செலவிட்ட ஆற்றல் 4 சதவீதம் கூடியிருந்தது.

அந்த 4 சதவீதம் ஏறத்தாழ 80 கலோரி. ஓர் இட்லியும் அதற்குத் தொட்டுக்கொள்ளும் சட்னியும் அதை ஈடுகட்டிவிடும். ஒரு நாள் கொழுப்புச் சற்றுக் கூடுதலாக எரிவது வேறு, மாதக்கணக்கில் இடுப்பில் சேமிப்புக் குறைவது வேறு. பசி கொஞ்சம் கூடினாலே கணக்கு நேராகிவிடும். கிரீன் டீ ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2012-இல் வெளியிட்ட மதிப்பீடு, எடையில் பொருட்படுத்தத்தக்க குறைவு இல்லை என்றே முடித்தது. ரெஸ்வெரட்ரால் கதையும் இதுதான். 2011-இல் பருமனான பதினொரு ஆண்களிடம் நடந்த சிறு ஆய்வு நம்பிக்கை தந்தது. 2013-இல் அதைவிடப் பத்து மடங்கு அளவு கொடுத்துச் செய்த ஆய்வில் ஒரு பலனும் தெரியவில்லை.

குடம்புளி பாலிஃபீனால் அல்ல. ஆனாலும் கடையில் அதே அடுக்கில் நிற்பதால் சொல்லிவிடுகிறேன். அதில் உள்ள ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலத்தை 1960-களில் இனங்கண்டவர்கள் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார். பிறகு அமெரிக்காவில் எடைக்குறைப்பு மாத்திரையாகிப் பெரும் பெயர் பெற்றது. 1998-இல் 135 பேரிடம் பன்னிரண்டு வாரம் சோதித்ததில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் குடம்புளி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வேறுபாடு இல்லை. மீன் குழம்பில் போடும் குடம்புளியைப் பற்றி எனக்கு எந்தக் கவலையும் கிடையாது. கல்லீரல் பாதிப்போடு தொடர்புபடுத்தப்படுவது கேப்சூலில் அடைத்த சாறுதான்.

பலன் இல்லாவிட்டால் பணம்தானே போகும் என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம் கல்லீரல். குடலில் உறிஞ்சப்படுவதெல்லாம் முதலில் அங்கேதான் போகிறது. உணவோடு சேரும்போது இ.ஜி.சி.ஜி. மெதுவாக, குறைவாக உறிஞ்சப்படும். வெறும் வயிற்றில் ரத்த அளவு சட்டென்று ஏறும். எடை குறைக்க நினைப்பவர் பட்டினி கிடந்து கேப்சூல் விழுங்குவதால் ஆபத்து அங்கேதான் கூடுகிறது. ஒரு தேயிலைச் சாறு மாத்திரை, கல்லீரல் பாதிப்புக் காரணமாக 2003-லேயே பிரான்சிலும் ஸ்பெயினிலும் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. நாளுக்கு 800 மி.கி. இ.ஜி.சி.ஜி. அல்லது அதற்கு மேல் மாத்திரையாக எடுப்போருக்குக் கல்லீரல் நொதிகள் உயர்கின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. மரபுக்கூறு காரணமாகச் சிலருக்கு அதைவிடக் குறைந்த அளவிலும் பாதிப்பு வரும். யாருக்கு வரும் என்று முன்கூட்டி முகத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது.

மஞ்சள் கேப்சூலுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். சமையல் மஞ்சளில் குர்குமின் மிகக் குறைவு, அதுவும் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில், மிளகின் பைப்பரினைச் சேர்த்தால் குர்குமின் இருபது மடங்கு உறிஞ்சப்படுவதாகக் கண்டார்கள். அதைப் பார்த்தே இன்று பல கேப்சூல்களில் பைப்பரின் சேர்க்கிறார்கள். அது குர்குமினை மட்டுமா ஏற்றும்? நீங்கள் சாப்பிடும் வலிப்பு மாத்திரை போன்றவற்றின் ரத்த அளவையும் ஏற்றிவிடலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்போர், கர்ப்பிணிகள், பாலூட்டுவோர், ஏற்கெனவே கல்லீரல் கோளாறு உள்ளோர் இந்தச் சாறு மாத்திரைகள் பக்கமே போக வேண்டாம்.

கேப்சூல் சாப்பிடுகிறவர்கள் இந்த அறிகுறிகளைக் கவனியுங்கள்: காரணமில்லாத அசதி, பசியின்மை, குமட்டல், வலது விலாவின் கீழ் கனம், உடல் அரிப்பு, கடுங்காபி நிறத்தில் சிறுநீர், கண் வெண்மையில் மஞ்சள். பெரும்பாலும் தொடங்கிய ஒன்று முதல் ஆறு மாதத்திற்குள் தலைகாட்டும். கண்டவுடன் நிறுத்துங்கள். டப்பாவைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் எடுத்து வாருங்கள். அதன் மேலுள்ள எழுத்துதான் எங்களுக்குத் துப்பு. கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனையை எல்லா ஆய்வகங்களிலும் செய்கிறார்கள், அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் செய்துகொள்ளலாம். பயந்துபோக வேண்டாம், நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் கல்லீரல் தானே தேறிவிடும். ஆனால் கண் மஞ்சளோடு மனக்குழப்பமும் தூக்கக் கலக்கமும் சேர்ந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. பத்தியம், பச்சிலை என்று நாள் கடத்துவதும் கூடாது. "சரியாகிவிட்டதே" என்று பழைய கேப்சூலை மறுபடி தொட்டால் பாதிப்பு முன்னைவிட வேகமாகவும் கடுமையாகவும் திரும்பும்.

டப்பாவில் உள்ள எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையைக் காட்டி, "அரசே அனுமதித்திருக்கிறதே" என்று பலர் கேட்கிறார்கள். அது உணவுப் பொருள் விற்பதற்கான உரிமம். எடை குறையும் என்பதற்கு அதில் எந்த உத்தரவாதமும் இல்லை. மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வாசகம் அதே டப்பாவில் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும், தேடிப் பாருங்கள்.

சரி, எடைக்கு என்ன செய்வது? முதலில் இடுப்பை அளந்துகொள்ளுங்கள். நம்மவர்களுக்கு ஆண்கள் 90, பெண்கள் 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் வயிற்றுக் கொழுப்பு மிகுதி என்று பொருள். துவர்ப்பு வேண்டுமா, தாராளமாக உணவில் சேருங்கள்: நெல்லிக்காய், வாழைப்பூ, முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம், கேழ்வரகு. நார்ச்சத்தும் சேர்ந்தே வருவதால் வயிறும் நிறையும். 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழியை நம்பிக் கொள்ளுத் தண்ணீர் மட்டும் குடித்துக் கிடக்காமல், கொள்ளை வேகவைத்துச் சுண்டலாக, இரவுப் பரோட்டாவுக்குப் பதிலாகச் சாப்பிடுங்கள். தேன் கலந்த வெந்நீர் கொழுப்பைக் கரைக்காது, தேனும் சர்க்கரைதான். தேநீர் இரண்டு மூன்று கோப்பை குடிக்கலாம், சர்க்கரை இல்லாமல். ஆனால் சாப்பாட்டோடு வேண்டாம். அதிலுள்ள துவர்ப்பு கீரை, பருப்பின் இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ரத்தசோகை உள்ள பெண்கள் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வை என் நோயாளிகளிடம் அடிக்கடி சொல்வேன். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைக் குழுக்களாகப் பிரித்து மூன்றாண்டு கவனித்தார்கள். உணவைத் திருத்தி, தினம் அரை மணி நேரம் விரைந்து நடந்தவர்களிடம் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை ஏறக்குறைய அப்படியே இருந்தது. தராசு முள் அசையவில்லை என்று மூன்றாம் வாரமே மனம் தளர்ந்து டப்பாவைத் தேடிப் போகிறவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

அந்த ஆசிரியைக்கு நான் மருந்தெதுவும் புதிதாக எழுதவில்லை. கேப்சூலையும் கீழாநெல்லியையும் நிறுத்தச் சொன்னேன். முதலில் வாரம் ஒருமுறையும், நொதி இறங்கத் தொடங்கியபின் மாதம் ஒருமுறையும் ரத்தம் பார்த்தோம். மூன்றாம் மாதம் எஸ்.ஜி.பி.டி. 38. இப்போது காலையில் தைராய்டு மாத்திரை போட்டுவிட்டு வண்டியூர் கண்மாய்ப் பக்கம் நடந்து வருகிறார். வந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் தேநீர். இடுப்பளவைச் சமையலறை நாட்காட்டியில் மாதம் ஒருமுறை குறித்துவைக்கிறார். சென்ற முறை அந்தத் தாளைக் கிழித்தெடுத்து வந்து காட்டினார்: 94, 93, 93, 91.