அரியணையும் அடுப்பும்: பைசாந்தியத்தில் மன்னரும் மக்களும்

திருக்குர்ஆனின் 30ஆம் அத்தியாயம் ‘அர்ரூம்’ எனும் பெயருடையது. அங்குச் சுட்டப்பெறும் ரூமர், கான்ஸ்டாண்டிநோபிளைத் தலைநகராகக் கொண்டு கிழக்கே ஆண்ட பேரரசினர் ஆவர். கிரேக்க மொழி பேசிய அவர்கள், இறுதிவரை தம்மை ரோமர் என்றே அழைத்துக்கொண்டனர். ‘பைசாந்தியப் பேரரசு’ என்பது பிற்கால ஐரோப்பிய அறிஞர் இட்ட பெயர். 1453இல் அப்பேரரசு மறைந்து ஏறத்தாழ நூறாண்டு கழிந்த பின்னரே அது வழக்கில் வந்தது. அப்பெயரே இன்று நிலைத்துவிட்டமையால் நாமும் அதனையே ஆள்கிறோம்.

330இல் கான்ஸ்டாண்டைன் தம் புதிய தலைநகரைத் திறந்துவைத்த நாள் முதல் ஆயிரத்து நூறாண்டுகளுக்கு மேல் நீண்ட வரலாறு இது. நம் மாணவர் கைக்கு எட்டும் நூல்களில் இவ்வரலாறு பெரும்பாலும் அரசர் பட்டியலாகவும் போர்ப் பட்டியலாகவுமே காணப்படுகின்றது. அவ்வரசரின் அரியணை எதன்மேல் நின்றது என்பதை அந்நகரத்தின் அடுப்பங்கரையிலிருந்து பார்க்க விழைகிறோம்.

அரியணையின் பகட்டுக்குக் குறைவில்லை. 949இல் இத்தாலியிலிருந்து தூது சென்ற லியுட்பிராண்ட் தாம் கண்டதை எழுதிவைத்துள்ளார். அரியணைக்கு முன் பொன்முலாம் பூசிய மரம் ஒன்று நின்றது. அதன் கிளைகளில் உலோகப் பறவைகள் பாடின. இருபுறமும் பொன் போர்த்த சிங்கங்கள் வாயசைத்து முழங்கின. மும்முறை தரையில் விழுந்து வணங்கித் தலைநிமிர்ந்தபோது, பேரரசர் அரியணையோடு கூரையருகே உயர்ந்து வேறோர் உடையில் வீற்றிருந்தாராம். பொறியமைப்பின் வேலை அது. இறைவனின் பிரதிநிதியாகக் கருதப்பட்ட மன்னரைக் கண்டு அயல்நாட்டார் மருள வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

உள்ளூர் மக்கள் அவ்வளவு எளிதில் மருளவில்லை. அவர்களுக்கு வேண்டியது ரொட்டி. கான்ஸ்டாண்டைன் காலத்திலேயே, 332 முதல், எகிப்திலிருந்து கப்பலில் வந்த தானியத்தால் நாள்தோறும் 80,000 பங்கு ரொட்டி இலவசமாக வழங்கப்பெற்றது. பாரசீகர் எகிப்தைக் கைப்பற்றிய நாள்களில், 618இல், அது நின்றுபோயிற்று. ரொட்டிக்கு அடுத்தபடி தேரோட்ட அரங்கம். நீலக் கட்சி, பச்சைக் கட்சி என மக்கள் இரு பிரிவாய் நின்று ஆரவாரித்த இடம் அது. மன்னரை நேருக்கு நேர் கண்டு தம் குறையைக் கூவும் இடமும் அதுவே. 532இல் அவ்விரு கட்சியும் ஒன்றுபட்டு ஜஸ்டினியனுக்கு எதிராக எழுந்தன. நகரின் பெரும்பகுதி எரிந்தது. ஓடிவிட எண்ணிய மன்னரைத் தடுத்து நிறுத்தியவர் அரசி தியோடோரா. அவரோ அதே அரங்கில் கரடி வளர்த்தவரின் மகள். இறுதியில் படைவீரர் அரங்கினுள் புகுந்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றனர் என்று அக்கால வரலாற்றாசிரியர் புரோகோபியஸ் குறிக்கின்றார். எரிந்த இடத்தில் ஐந்தே ஆண்டில் எழுந்தது இன்றும் உலகம் வியக்கும் ஹாகியா சோபியா. அதன் குவிமாடத்தைப் போற்றும் நூல்கள், அது எந்தச் சாம்பலின்மேல் நிற்கிறது என்பதைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

மக்கள் எப்போதும் தோற்றார்கள் என்பதும் இல்லை. 1042இல் ஐந்தாம் மைக்கேல், தம்மை மகனாக ஏற்று மகுடம் கிடைக்கச் செய்த அரசி ஸோயியையே தீவு ஒன்றுக்கு நாடு கடத்தினார். நகரம் பொங்கி எழுந்தது. அந்தப்புரத்தை விட்டு வெளியே வாராத பெண்டிரும் தெருவில் இறங்கி அரசிக்காகக் கதறியதை நேரில் கண்ட அறிஞர் ஸெல்லோஸ் எழுதியுள்ளார். மைக்கேல் அரியணையோடு கண்களையும் இழந்தார். ஸோயியும் தங்கை தியோடோராவும் சேர்ந்து ஆண்டனர்.

இத்தகைய நகரத்தை ஆள்வோர்க்குக் கடைத்தெருவின் மீது கண் இருந்தே தீர வேண்டும். ஆறாம் லியோவின் ஆட்சியின் இறுதியில், 912ஐ ஒட்டி, எழுந்த ‘எப்பார்க் நூல்’ அதற்குச் சான்று. எப்பார்க் என்பவர் தலைநகரின் ஆட்சித் தலைவர். தொழிற்குழுக்கள் ஒவ்வொன்றுக்குமான விதிகள் அந்நூலில் உள்ளன. ரொட்டியின் விலை தானிய விலையை ஒட்டி எப்பார்க்கால் குறிக்கப்பெறும். ரொட்டி சுடுவோரை வேறெந்த அரசுப் பணிக்கும் அழைத்தல் கூடாது. அடுப்பு ஒருநாளும் அணையலாகாது. ஆயினும் தீ அச்சத்தால் மக்கள் குடியிருக்கும் வீட்டின் கீழ் அவ்வடுப்பு இருத்தலும் ஆகாது. மீன் விற்போர் இரவில் எவ்வளவு மீன் பிடிபட்டது என்பதை விடியற்காலையில் அறிவிக்க வேண்டும். அதற்கேற்ப அன்றைய விலை அமையும். மளிகைக் கடைகள் நகரெங்கும் இருக்கலாம், அன்றாடப் பொருள் எவர்க்கும் அருகில் கிட்ட வேண்டும் என்பதற்காக. நறுமணப் பொருள் விற்போரோ அரண்மனை வாயிலருகே வரிசையாய் அமர வேண்டும். மணம் அரண்மனை முகப்பை எட்ட வேண்டுமாம். விதி மீறினால் சவுக்கடி, தலையும் தாடியும் மழித்தல், நாடு கடத்தல் என்று தண்டனை விரிகின்றது. ஒரே சட்டநூலில் ஏழையின் ரொட்டியும் மன்னரின் மூக்கும் பேணப்படுவதை நாம் நகைத்துக் கடக்கலாம்; எனினும் அந்நகரத்தின் தெருக்களை இவ்வளவு அருகில் காட்டும் நூல்கள் மிகச் சிலவே.

சிரியாவிலிருந்து வரும் துணிகளை விற்பதற்கென்றே ஒரு தனிக் குழு இருந்ததையும் அந்நூல் கூறுகின்றது. எல்லையில் ஆண்டுதோறும் போர் நிகழ்ந்த காலத்திலும் கடைத்தெரு அடைபடவில்லை. தலைநகரிலேயே ஒரு பள்ளிவாசல் இருந்ததை ஏழாம் கான்ஸ்டாண்டைன் தம் நூலில் குறிக்கின்றார். போர்க்கைதியாய் அங்கிருந்த ஹாரூன் இப்னு யஹ்யா சொல்லும் செய்தி இன்னும் சுவையானது. கிறிஸ்துமஸ் நாளன்று முஸ்லிம் கைதிகள் அரசவிருந்துக்கு அழைக்கப்பெற்றனர். இவ்வுணவில் பன்றி இறைச்சி இல்லை என்று மன்னரின் தலைமீது ஆணையிட்டு அறிவிக்கப்பெற்றதாம். கைதிகளை விருந்துக்கு அழைத்தது அரசின் பெருமையைக் காட்டவே. ஆயினும் உண்பவரின் மார்க்கத்தை அறிந்து சமைத்த கை ஒன்று அவ்வடுக்களையில் இருந்திருக்கின்றது.

நகரத்துக்கு வெளியே நிலைமை கடியது. 927-928 குளிர்காலத்தில் நூற்றிருபது நாள் நிலம் உறைந்து கிடந்தது. பஞ்சத்தில் உழவர் தம் வயலைச் சிறிதளவு தானியத்துக்கு விற்றனர். செல்வர் ஊர் ஊராய் வாங்கிக் குவித்தனர். 934இல் ரோமனஸ் லெகாபினஸ் ஒரு சட்டம் இயற்றினார். உரிய மதிப்பில் பாதிக்கும் குறைவாய்க் கொடுத்து வாங்கியவர், ஈடு ஏதுமின்றி நிலத்தைத் திருப்பித் தர வேண்டும். இது இரக்கத்தால் மட்டும் பிறந்தது அன்று. சிறு உழவன் இல்லையேல் வரி இல்லை, போர்வீரனும் இல்லை என்று அச்சட்டமே வெளிப்படையாய்ச் சொல்கின்றது. இரண்டாம் பேசில் 996இல் அதனை மேலும் இறுக்கினார். அண்டை அயலார் நிலத்தையெல்லாம் வளைத்து மாளிகை கட்டிய ஃபிலோகேலிஸ் என்பவனின் வீட்டைத் தரைமட்டமாக்கி, அவனை மீண்டும் உழவனாக்கினார். ஏழைகள் கட்டாத வரியைச் செல்வரே கட்ட வேண்டும் என்றும் ஆணையிட்டார். அவருக்குப்பின் செல்வரின் கை ஓங்கியது. 1028இல் முடிசூடிய மூன்றாம் ரோமனஸ் அவ்வரி ஆணையை நீக்கிவிட்டார்.

இவை யாவும் ஆள்வோர் தரப்பின் ஏடுகள். பசித்தவன் குரல் அரிதாகவே கேட்கின்றது. கேட்கும் ஓரிடத்தைத் தமிழ்த்துறை மாணவர்க்குச் சொல்லாமல் விட மனமில்லை. 12ஆம் நூற்றாண்டில், முதலாம் மேனுவல் ஆட்சியில், ‘ஏழைப் புரோத்ரோமஸ்’ என்ற பெயரில் எழுந்த பாடல்கள் அவை. மன்னரிடம் பொருள் வேண்டும் பாடல்கள். நம் புலவர் மரபில் பழகியோர்க்குப் புதியன அல்ல. புதுமை மொழியில் உள்ளது. கற்றோர் பழங்கிரேக்கத்தையே எழுத்துக்குரியதாய்க் கொண்டிருந்த காலத்தில், இப்புலவன் கடைத்தெருக் கிரேக்கத்தைத் துணிந்து கலந்து மன்னர் செவியில் ஒலிக்கச் செய்தான். எழுத்துக் கற்றுக்கொள், உயர்வாய் என்று தந்தை சொன்னாராம், கற்றான். அண்டை வீட்டுச் செருப்புத் தைப்பவனோ காலையிலேயே குடற்கறியும் பாலாடைக்கட்டியும் உண்கின்றான். இவன் பசியோடு தன் அலமாரியைத் திறந்து ரொட்டி தேடுகின்றான். கைக்கு அகப்படுவதெல்லாம் காகிதம்.