வேலைக்குத் திரும்பறீங்களா? கோயம்பேடு தந்த பாடம்

2020 மே மாதத்தை அரியலூர் மாவட்ட மக்கள் மறந்திருக்க மாட்டீங்க. சென்னை கோயம்பேடு சந்தையில் கொரோனா பரவ, மே 5-இல் சந்தை மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்கள் ஊர் திரும்பினார்கள். சில நாட்களிலேயே நம் மாவட்டத்தில் நூற்றுக்கணக்கானோருக்குத் தொற்று உறுதியானது. பலருக்கு அறிகுறியே இல்லை.

'எனக்குத்தான் ஒண்ணுமில்லையே' என்ற நினைப்பு யாரையும் காப்பாற்றாது. இதுதான் பாடம். அதனால்தான் செப்டம்பர் 28-இல் காய்கறி மொத்த விற்பனையைத் தொடங்கியபோதும், சந்தையைப் படிப்படியாகவே திறந்தார்கள்.

திருமழபாடியில் நூறு நாள் வேலையோ, கட்டட வேலையோ, பெருந்தொற்றுக் காலத்தில் மறுபடி பலரோடு சேர்ந்து வேலைக்குப் போகும்போது இவற்றைக் கடைப்பிடியுங்க:

• காய்ச்சல், இருமல், தொண்டை வலி இருந்தால் போகாதீங்க. 104-க்கு அழைத்து ஆலோசனை கேளுங்க.

• முகக்கவசம் மூக்கையும் வாயையும் மூடணும். பேசும்போது இறக்காதீங்க.

• ஷேர் ஆட்டோ, வேனில் நெருக்கியடித்து ஏறாதீங்க. ஜன்னல் திறந்திருக்கட்டும்.

• சாப்பிடும்போதுதான் எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றுவோம். அப்போது வெளியே, தள்ளித் தள்ளி உட்காருங்க. தண்ணீர் பாட்டில், டம்ளர் அவரவருக்குத் தனி.

• சாப்பிடும் முன்பும் வீடு திரும்பியதும் சோப்பு போட்டு 20 விநாடி கை கழுவுங்க.

ஒருநாள் கூலி போகுமே என்ற கவலை நியாயம்தான். ஆனால் காய்ச்சலோடு ஒருத்தர் வந்தால், மொத்த ஆட்களின் கூலியும் நின்னு போகலாம். மேஸ்திரிகளே, 'உடம்பு சரியில்லை' என்று சொல்பவரைத் திட்டாதீங்க. அவர் சொன்னதால்தான் மற்றவர்கள் தப்பிக்கிறார்கள்.