முன்னும் பின்னும் டேஷ்கேம்: வடசென்னையில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கார் ஓட்டுபவருக்கு ஆபத்து முன்னாலிருந்து மட்டும் வருவதில்லை. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கிக் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் போகிற லாரிகள் ஒரு பக்கம், மணலிக்குப் போகிற டேங்கர்கள் ஒரு பக்கம். விடியற்காலையில் காசிமேட்டிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட மீன் வண்டிகள் கிளம்பும். மிச்சமிருக்கும் இடத்தில்தான் கார் ஊர்ந்து போக வேண்டும். இந்தச் சாலையில் முன் கண்ணாடியில் மட்டும் டேஷ்கேம் மாட்டியிருந்தால் அது பாதி சாட்சிதான்.

எர்ணாவூர் மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டிகள் நிற்கின்றன என்று வையுங்கள். பின்னால் வந்த டிரெய்லர் உங்கள் பம்பரை நசுக்கிவிடுகிறது. டிரைவர் இறங்கி வந்து, "நீங்கதான் சார் பின்னாடி உருண்டு வந்தீங்க" என்கிறார். அவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த உயரமான கேபினிலிருந்து அவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். பின் கேமராவில் டிரெய்லரின் முகப்பு படம் முழுக்க அடைத்துக்கொண்டு பெரிதாவது தெரியும். ஆனால் நகர்ந்தது அவரா நீங்களா என்பது இரவு நேரத்தில் அதில் தெளிவாகாது. அதே நொடியின் முன் கேமரா படத்தைப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட் கடைசி வரை ஒரே அளவில் இருந்தால் நீங்கள் நகரவில்லை. இரண்டு படமும் சேர்ந்தால்தான் வழக்கு நிற்கும்.

ஒரே கருவியிலிருந்து வயர் இழுத்து மாட்டும் பின் கேமராவும் உண்டு, முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று எனத் தனித்தனிக் கருவிகளும் உண்டு. முதல் வகையில் மெமரி கார்டு ஒன்று, கடிகாரம் ஒன்று, வேலை சுலபம். ஆனால் கார்டு போனால் இரண்டு கண்ணும் ஒரே சமயத்தில் போய்விடும். வெயிலும் உப்புக்காற்றும் கருவிகளைத் தின்னும் இந்தக் கரையோரத்தில் நான் தனித்தனிக் கருவிகளைத்தான் சொல்வேன். அதற்கான கூடுதல் கவனம் என்னவென்று கீழே இருக்கிறது.

செய்ய வேண்டியவை

இரண்டு கடிகாரத்தையும் ஒன்றாக்குங்கள். தனித்தனிக் கேமரா வைத்திருப்பவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இதுதான். ஒன்று 8.14 என்றும் மற்றது 8.17 என்றும் காட்டினால், இரண்டு படமும் ஒரே விபத்தைச் சேர்ந்தவை என்று நிரூபிப்பதே தனி வேலையாகிவிடும். வண்டி பல நாள் ஓடாமல் கிடந்தால் சில கருவிகளில் தேதி பழையபடி ஏதோ ஒரு ஜனவரி 1-க்குப் போய்விடும். ஜிபிஎஸ் உள்ள கருவி நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும். இல்லாததற்கு மாதம் ஒரு முறை செல்போன் நேரத்தைப் பார்த்துத் திருத்துங்கள். இன்னொரு வழியும் உண்டு. வண்டி எடுக்கும்போது போனில் ஓடும் நொடிக் கடிகாரத்தை முதலில் முன் கேமராவுக்கும் பிறகு பின் கேமராவுக்கும் காட்டிவிடுங்கள். வித்தியாசம் எவ்வளவு என்பது படத்திலேயே பதிந்துவிடும்.

கெப்பாசிட்டர் உள்ள கருவியாகப் பார்த்து வாங்குங்கள். லித்தியம் பேட்டரி உள்ள மலிவான கேமராக்கள் மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் உப்பிப்போகும். கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். 4கே எல்லாம் அப்புறம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கினாலும் ரிச்சி தெருவில் வாங்கினாலும் பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

மெமரி கார்டில் கஞ்சம் வேண்டாம். டேஷ்கேம் பழைய பதிவின் மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும். போனுக்கான சாதாரண கார்டு அந்த உழைப்பைத் தாங்காது. தொடர் பதிவுக்கென்றே ‘ஹை எண்டுரன்ஸ்’ என்று எழுதி விற்கும் கார்டை இரண்டு கேமராவுக்கும் போடுங்கள். ஃபுல் எச்டி பதிவு மணிக்குச் சுமார் 6, 7 ஜிபி பிடிக்கும். 64 ஜிபி கார்டில் ஒன்பது பத்து மணி நேரம் நிற்கும். 4கே வைத்தால் அதில் பாதிதான். திருவொற்றியூர் நெரிசலில் தினமும் நான்கைந்து மணி நேரம் ஓட்டுகிறவருக்கு முந்தாநாள் காலைப் பதிவு இன்று இருக்காது. வாரம் ஒரு முறையாவது கார்டைத் திறந்து, உண்மையிலேயே பதிவாகிறதா என்று ஓட்டிப் பாருங்கள். சிவப்பு விளக்கு எரிவதை நம்ப முடியாது.

அதிர்வு உணரியைக் குறைந்த அளவில் வையுங்கள். மோதல் நடந்தால் அந்த நிமிடத்துப் பதிவை அழியாமல் பூட்டி வைக்கத்தான் அது இருக்கிறது. டிரெய்லர்கள் உழுது போட்ட சாலையில் ஒவ்வொரு பள்ளத்தையும் அது விபத்து என்று எண்ணிப் பூட்டும். பூட்டிய பதிவுகளால் கார்டு நிறைந்துவிட்டால் உண்மையான விபத்துக்கு இடமிருக்காது.

பின் கேமராவைக் கண்ணாடியின் உள்பக்கம், மேலே, நடுவில் மாட்டுங்கள். ஹேட்ச்பேக் என்றால் வைப்பர் துடைக்கும் பகுதிக்குள் வரட்டும். செடானுக்குப் பின் வைப்பர் கிடையாது. எண்ணூர்ப் பக்கம் போய் வந்தால் கரித்தூள், சாம்பல், கடல் உப்பு எல்லாம் சேர்ந்து பின் கண்ணாடியில் மெல்லிய திரையாகப் படிந்துவிடும். பகலில் பார்த்தால் தெரியாது. இரவில் பின்னால் வரும் லாரியின் ஹெட்லைட் பட்டதும் படம் முழுக்க வெளுத்துவிடும். பெட்ரோல் போடும்போது பின் கண்ணாடியை ஈரத்துணியால் துடையுங்கள். உப்பைக் காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும்.

எக்ஸ்போஷரை ஒரு படி குறையுங்கள். 2019 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்குக் கட்டாயமான உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். இரவில் அது வெறும் வெள்ளைப் பட்டையாகத்தான் பதிவாகும். அதிர்வெண்ணை 50 ஹெர்ட்ஸில் வையுங்கள். நம் ஊர் மின்சாரத்துக்கு அதுதான். 60 இருந்தால் தெருவிளக்கு வெளிச்சம் படத்தில் துடிக்கும்.

கன்டெய்னர் எண்ணைப் படிக்கப் பழகுங்கள். டிரெய்லரின் பின் நம்பர் பிளேட் பெரும்பாலும் சேற்றில் மறைந்திருக்கும், அல்லது வளைந்து தொங்கும். ஆனால் கன்டெய்னரின் பின் கதவில் பெரிய எழுத்தில் ஒரு எண் இருக்கும்: நான்கு ஆங்கில எழுத்து, நான்காவது பெரும்பாலும் ‘யூ’, அதன்பின் ஆறு இலக்கம், கடைசியில் சரிபார்ப்புக்கு ஒரு இலக்கம். உலகம் முழுக்க ஒரு பெட்டிக்கு ஒரு எண்தான். எந்தப் பெட்டி எந்த லாரியில் வந்தது என்பது துறைமுக கேட்டில் பதிவாகும். நம்பர் பிளேட் படிக்க முடியாத இடத்தில் காவல்துறைக்கு இந்த எண் போதும். இடித்துவிட்டு நிற்காமல் போகும் வண்டியை உங்கள் முன் கேமரா பிடிக்கும்போது அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள். மைக் இருந்தால் அதுவும் பதிவாகும்.

செய்யக்கூடாதவை

ரிவர்ஸ் கேமரா இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அது பம்பருக்கு மேலே தாழ்வாக, தரையைப் பார்த்துக்கொண்டிருப்பது. பெரும்பாலான வண்டிகளில் அது எதையும் பதிவு செய்வதில்லை.

ஏர்பேக் இருக்கும் வழியில் வயரை இழுக்காதீர்கள். பின் கேமராவுக்கான வயர் கூரை ஓரமாகத்தான் போகும். பக்கவாட்டு ஏர்பேக்கும் அதே கூரை ஓரத்தில்தான் மடிந்திருக்கிறது. வயர் அதற்கு முன்னால் குறுக்கே போனால், விரியும் வேகத்தில் அதையும் பிய்த்துக்கொண்டு வரும். இது தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். காரின் வயரை வெட்டி ஒட்டுகிறவரிடம் கொடுக்காதீர்கள். ஃப்யூஸ் பாக்ஸில் தனி ஃப்யூஸோடு எடுப்பதே முறை. வயரை வெட்டினால் வாரண்டியில் தகராறு வரும்.

இரண்டு கேமராவையும் இரவு முழுக்கக் காவலுக்கு விட்டுவிட்டு, காலையில் கார் கிளம்பவில்லை என்று நிற்காதீர்கள். ராயபுரத்தின் குறுகிய தெருக்களில் வண்டியை வெளியே நிறுத்துகிறவர்களுக்குப் பார்க்கிங் பதிவு தேவைதான். ஆனால் பேட்டரி 12 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இறங்கியதும் தானே துண்டிக்கும் ஒயரிங் கிட் இல்லாமல் அது வேண்டாம். இரண்டில் ஒன்றுக்கு மட்டும் என்றால் சாலையைப் பார்த்திருப்பதற்குக் கொடுங்கள்.

துறைமுகத்துக்குள்ளும் சுத்திகரிப்பு ஆலைக்குள்ளும் கேமரா ஓடக்கூடாது. சென்னைத் துறைமுகம் மத்திய தொழிற் பாதுகாப்புப் படையின் காவலில் உள்ள பகுதி. அனுமதி இல்லாமல் படம் எடுக்க முடியாது. மணலியில் பெட்ரோலிய ஆலைகளின் வளாகத்துக்குள் செல்போனுக்கே தடை இருக்கும். மின்சாரக் கருவி எதுவுமே அங்கே தீப்பொறிப் பயம்தான். வேலைக்கோ டெலிவரிக்கோ உள்ளே போகிறவர் கேட்டுக்கு முன்பே இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். முன்னதை நிறுத்திவிட்டுப் பின்னதை மறப்பவர்கள் உண்டு. தனித்தனிக் கருவி என்றால் இரண்டு முறை நிறுத்த வேண்டும் என்பதைக் கை பழக வேண்டும்.

இடித்தவுடன் டிரெய்லரின் முன்னால் போய் நின்று போனில் படம் எடுக்காதீர்கள். முகப்பை ஒட்டி நிற்கும் ஆளும் இடது பக்கத்தை ஒட்டி நிற்கும் ஆளும் டிரைவர் கண்ணில் படமாட்டார்கள். உங்கள் கேமரா எடுத்ததே போதும். ஓரமாக வாருங்கள்.

பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அதையே சாட்சியாக நம்பாதீர்கள். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிவிடும். அது வேறு கோப்பு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-வது பிரிவு, மின்னணுப் பதிவின் நகலைக் கொடுக்கும்போது இரண்டு பகுதி கொண்ட சான்றிதழ் கேட்கிறது. ஒன்று கருவி யார் பொறுப்பில் இருந்ததோ அவர் தருவது, மற்றது நிபுணர் தருவது. கோப்பின் ஹேஷ் மதிப்பும், அதாவது அதன் விரல்ரேகை போன்ற எண்ணும், அதில் இருக்க வேண்டும். மூலக் கருவியையே நீதிமன்றத்தில் காட்டினால் அந்தச் சான்றிதழ் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல், பழைய சாட்சியச் சட்டத்தின் கீழ் வந்த அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில், சொன்னது. ஆகவே விபத்து நடந்ததும் கேமராவை அணைத்து, விளக்கு அணையும் வரை பொறுத்து, இரண்டு கார்டையும் வெளியே எடுங்கள். உறையில் போட்டுத் தேதி எழுதுங்கள். அவற்றில் மறுபடி பதிவு செய்யாதீர்கள். புதுக் கார்டு வாங்க ஆகும் சில நூறு ரூபாய் பெரிதல்ல. நகல் எடுத்து வைத்துக்கொண்ட பிறகு காவல் நிலையத்தில் கொடுங்கள், கொடுத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்குங்கள்.

டிரைவரின் முகத்தையும் நம்பரையும் போட்டு ஊரெல்லாம் பரப்பாதீர்கள். கேட்டில் மணிக்கணக்காகக் காத்து, தூக்கம் கெட்டு, சாப்பாடு கெட்டு வண்டி ஓட்டும் மனிதர் அவர். தவறு இருந்தால் விசாரிக்க வேண்டியது காவல்துறையும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமும். ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2018 மே மாதம் இந்த எல்லையை அழகாக வகுத்தது: காரணமில்லாமல் ஓயாமல் பதிவு செய்வது தனியுரிமைச் சட்டத்துக்கு விரோதம் என்றாலும், விபத்து வழக்கில் அந்தப் பதிவைச் சாட்சியாக ஏற்கலாம் என்றது. நம்மிடம் டேஷ்கேமுக்கென்று அப்படித் தெளிவான தீர்ப்பு வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை, அந்த நாகரிகத்தை நாமே கடைப்பிடிக்கலாம். காரில் ஏறுகிறவர்களிடமும் மைக் ஓடுவதைச் சொல்லிவிடுங்கள்; பின் கேமராவின் மைக்கை நிறுத்தியே வைக்கலாம்.

தவறு உங்களுடையதாகத் தெரிகிறது என்று பதிவை அழிக்காதீர்கள். சாட்சியமாகக் கேட்கப்படக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-வது பிரிவில் குற்றம்.

அடுத்தவர் விபத்து உங்கள் கார்டில் இருந்தால்

இது பலருக்கும் தோன்றுவதே இல்லை. உங்கள் வண்டியில் கீறல்கூட விழவில்லை, ஆனால் பின்னால் பைக்கில் வந்தவரை ஒரு டிரெய்லர் தட்டிவிட்டு நிற்காமல் போகிறது. முன் கேமராவில் அது இருக்காது, பின் கேமராவில் இருக்கும். அடித்த வண்டி எதுவென்றே தெரியாமல் போனால், 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மத்திய அரசுத் திட்டத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், படுகாயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாய். அவ்வளவுதான். வண்டி அடையாளம் தெரிந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அந்த வண்டியின் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து, இறந்தவரின் வயதையும் வருமானத்தையும் அவரை நம்பியிருந்தவர்களையும் கணக்கில் எடுத்து இழப்பீடு கேட்கலாம். ஒரு மீனவர் வீட்டுக்கோ, ஒப்பந்தத் தொழிலாளி வீட்டுக்கோ அந்த வித்தியாசம் பிள்ளைகளின் படிப்பு.

முதலில் அடிபட்டவருக்கு 108-ஐ அழையுங்கள். உதவி செய்பவரை வழக்கில் மாட்டிவிட முடியாதபடி மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு காக்கிறது. பெயர் முகவரி சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. பிறகு பின் கேமராவின் கார்டை எடுங்கள். நெரிசலில் இன்னும் சில மணி நேரம் ஓட்டினால் அந்தப் பதிவின் மேல் வேறொன்று எழுதப்பட்டுவிடும். முன் கேமராவின் கார்டையும் சேர்த்தே எடுங்கள்: உங்களைத் தாண்டிப் போன அதே டிரெய்லரின் பின் கதவு, அந்த நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும், அதில்தான் இருக்கும்.